கரிசல் மண்ணும் இரண்டு மார்க்கும்



குடும்பக் குழுவில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. பத்தாம் வகுப்பு புவியியலுக்கு இந்தக் 'கீவேர்டு'களை உருப்போட்டால் போதுமாம், இரண்டு மார்க் கேள்வி எல்லாம் முழுசாக வந்துவிடுமாம். அனுப்பியவர் என்னிடம் படித்தவர்தான். கோபித்துக்கொள்ளாதே தம்பி, உன் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் இந்தப் பட்டியல் பிள்ளைகளைக் கெடுக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

'கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது. காரணம் கூறுக.' வருஷா வருஷம் ஏதோ ஒரு தேர்வில் வரும் கேள்வி. பிள்ளை என்ன எழுதுகிறது? "கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து உருவானது. இதில் சுண்ணாம்பு, மக்னீசியம் உள்ளன. நைட்ரஜன் குறைவு. மகாராஷ்டிரம், குஜராத்தில் காணப்படுகிறது." நாலு வரியும் சரி. பட்டியலில் உள்ள சொல் எல்லாம் இருக்கிறது. ஆனால் கேட்டதற்குப் பதில் எங்கே? மண்ணைப் பற்றி எழுதியிருக்கிறது. பருத்தி என்ற சொல்லே வரவில்லை!

பதில் இரண்டே வரி. கரிசல் களிமண் தன்மை உடையது, அதனால் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். பருத்தி பல மாதம் நிற்கும் பயிர், மழை நின்ற பிறகும் அந்த ஈரத்தைக் கொண்டு வளரும். முடிந்தது. கோவில்பட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயி யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார், அவர் எந்தக் கைடும் படித்ததில்லை. (தக்காண எரிமலைப் பாறை தமிழ்நாடு வரைக்கும் வரவே இல்லை. நம் ஊர்க் கரிசல் வேறு பாறையிலிருந்து வந்தது. கரிசல் காட்டுப் பிள்ளையே 'எரிமலைக் குழம்பு' என்று மனப்பாடம் செய்து எழுதுவதைப் பார்த்தால் வயிறு எரியும்.)

'ஏன்' என்று கேட்டால் பதிலில் ஒரு சங்கிலி இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று தமிழகக் கடற்கரைக்கு ஏன் மழை தருகிறது? நிலத்திலிருந்து புறப்படும் காற்று வறண்டது. வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரம் சேர்க்கிறது. நம் கரைக்கு வந்து பொழிகிறது. நடுவிலுள்ள வங்கக் கடலை எடுத்துவிட்டால் பதிலே இல்லை. ஆனால் கீவேர்டுக்காரர் 'வடகிழக்கு, பருவக்காற்று, சோழமண்டலக் கடற்கரை' என்று மூன்று சொல்லைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். மணி கோத்த நூலை உருவிவிட்டு மணியை மட்டும் கையில் கொடுப்பது போல.

'வேறுபடுத்துக' இன்னும் மோசம். வானிலை, காலநிலை என்று இரண்டு கட்டம் போடுகிறார்கள். இந்தப் பக்கம் 'வளிமண்டலத்தின் அன்றாட நிலை', அந்தப் பக்கம் 'இதைப் பற்றிப் படிப்பது காலநிலையியல்'. எதை எதோடு ஒப்பிடுவது? இந்தப் பக்கம் ஒரு நாள் என்றால் அந்தப் பக்கம் 30 ஆண்டுச் சராசரி என்று வர வேண்டும். இந்தப் பக்கம் ஓர் ஊர் என்றால் அந்தப் பக்கம் பரந்த நிலப்பரப்பு. ஒரே அளவுகோலை இரண்டு பக்கமும் வைத்தால்தான் வேறுபாடு.

அலகு எழுதாமல் விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மௌசின்ராமில் ஆண்டு மழை 11,000 மில்லிமீட்டருக்கு மேல். அதையே சென்டிமீட்டர் என்று எழுதினால் 110 மீட்டர் மழை, கோபுரமே மூழ்கிவிடும்.

"விடைக்குறிப்பில் உள்ள சொல் இருந்தால் திருத்துகிறவர் மார்க் போட்டுவிடுகிறாரே சார்" என்பீர்கள். போடுகிறார்கள், மறுக்கவில்லை. அவசரத்தில் திருத்தும்போது அப்படியும் நடக்கும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால்? 'கரிசல் மண் கோடையில் வெடிப்பது ஏன்?' என்றால் அந்தப் பிள்ளை மறுபடியும் எரிமலைக் குழம்பைத்தான் ஊற்றும். ஈரம் பிடிக்கும் களிமண் என்று புரிந்த பிள்ளை, ஈரம் போனால் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும் என்று தானே எழுதிவிடும். டியூஷனுக்குக் காசு கட்ட முடியாத, வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்த பிள்ளைக்கு அந்தப் புரிதல்தான் ஒரே முதல். அதையும் பிடுங்கிக்கொண்டு ஒரு பட்டியலைக் கொடுக்கிறோம்.

வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் 'ஏன்', 'வரையறு', 'வேறுபடுத்துக' என்ற சொற்களைப் பிள்ளைகள் மனசுக்குள் கோடிட்டுக்கொள்ளட்டும். இரண்டு மார்க்குக்குப் பக்கத்தை நிரப்ப வேண்டாம், அந்த நேரம் வரைபடக் கேள்விக்கு உதவும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை சொந்தமாக எழுதிய விடை இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன், திருத்தித் தருகிறேன். கைடு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம்.