கேள்வியும் கருவியும்

ஜப்பானியர் 2016-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஆகாயத்துக்கு அனுப்பிய 'ஹிடோமி' என்னும் எக்ஸ்-ரே தூரதர்சினி நாற்பது நாள்கூட நிலைக்கவில்லை. தான் சுழல்வதாகத் தவறாகக் கணித்த அக்கலம், அதைத் தடுக்கப்போய் மெய்யாகவே சுழன்று உடைந்தது. அதன் பிரதான கருவியை மீண்டும் செய்து அனுப்புவதென்று ஜப்பானியரும் அமெரிக்காவின் நாஸாவும் தீர்மானித்தனர். இழந்த பணத்தின்மேல் இன்னும் பணமா என்று கேட்போர் இருக்கலாம். அத்தீர்மானம் முற்றிலும் சரியே என்பது நமது துணிபு.

அக்கருவி எழுந்தது ஒரு கேள்வியிலிருந்து. சுமார் 24 கோடி ஒளி வருஷ தூரத்தில், பெர்ஸியூஸ் என்னும் நக்ஷத்திர மண்டலத் தொகுதியில், ஐந்து கோடி டிகிரி உஷ்ணமுள்ள வாயு நிறைந்திருக்கிறது. ஆறவேண்டிய அவ்வாயு ஏன் ஆறவில்லை? உள்ளே நிகழும் கலக்கம்தான் அதைச் சூடாக வைத்திருக்கிறதா? இதை அறிய வாயுவின் வேகத்தை அளக்கவேண்டும். அதிலுள்ள இரும்பு அணுக்கள் வீசும் கதிரின் சக்தி சுமார் 6,700 எலெக்ட்ரான் வோல்ட். வினாடிக்கு 150 கிலோமீட்டர் வேகம் அதில் உண்டாக்கும் மாறுதலோ மூன்றே சொச்சம். பழைய சிலிக்கன் கருவிகள் நூற்றுக்கு மேற்பட்ட வித்தியாசத்தையே பிரித்தறிய வல்லவை. மூட்டை நிறுக்கும் தராசில் குன்றிமணியை நிறுக்க முடியுமா?

ஆகவே, ஒரே ஒரு எக்ஸ்-ரே துகள் விழுந்தால் எழும் சூட்டையே அளக்கும் கருவி தேவைப்பட்டது. அத்துணைச் சிறு சூடு தெரியவேண்டுமானால், கருவி பூஜ்யக் குளிருக்கு ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கே மேலாக இருக்கவேண்டும். அதற்காகவே திரவ ஹீலியம். கட்டங்களோ முப்பத்தாறுதான், படம் மங்கல்தான். படம் பிடிக்க அதை யாரும் அனுப்பவில்லையே!

இவ்வகைக் கருவி 2000-ல் ராக்கெட் பழுதால் அழிந்தது. 2005-ல் 'ஸுஸாகு' கலத்தில், வானத்தைப் பார்க்குமுன்பே ஹீலியம் ஆவியாகிப் போயிற்று. ஹிடோமி மாத்திரம் தன் முடிவுக்குமுன் பெர்ஸியூஸைப் பார்த்து, கலக்கத்தின் வேகம் வினாடிக்கு 164 கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டு மறைந்தது. பலர் எண்ணியதைவிட அது சாந்தமான வாயு.

மறுகலமான 'க்ரிஸம்' 2023 செப்டம்பரில் சென்றது. ஹிடோமியிலிருந்த கடின எக்ஸ்-ரே கருவிகள் இதில் விடப்பட்டன. கருவியின் கதவோ ஆரம்பத்தில் திறக்க மறுத்தது. கதவிலுள்ள பெரிலியத் தகடு சுமார் 1,700-க்குக் குறைந்த சக்தியுள்ள கதிர்களை மறித்தது. இது சிறு நஷ்டமன்று. எனினும் இரும்பின் கதிர் தடையின்றி உட்புகுந்தது. மூலக் கேள்வி தப்பியது.

ஐரோப்பியரின் அடுத்த எக்ஸ்-ரே தூரதர்சினித் திட்டமும், செலவு மிகுந்ததென்று 2022-ல் திருத்தி வகுக்கப் பணிக்கப்பட்டது. கட்டங்கள் குறைந்தன; சக்தியைப் பிரித்தறியும் நுட்பத்தின் வரம்பும் தளர்த்தப்பட்டது. முன்னதை நாம் பொறுப்போம். பின்னதற்கோ, எந்தக் கேள்வியைக் கைவிட்டு இந்தச் சிக்கனம் செய்யப்பட்டது என்பதைப் பணம் கொடுக்கும் ஜனங்களுக்கு விளக்கியாகவேண்டும்.