வெட்டிய புதர் கொதிகலனுக்குப் போகட்டும்

பத்து பெரண்டாம் வட்டாரத்தில் பழைய ரப்பர் தோட்டங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. இடையில் சும்மா கிடக்கும் நிலங்களில் புதர் மண்டுகிறது. நிலத்தைத் துப்புரவு செய்ய வரும் மண்வாரி இயந்திரம், செடிகொடிகளையும் இளமரங்களையும் ஓரமாகக் குவித்துவிட்டுப் போகும். சில நாளில் அந்தக் குவியலிலிருந்து புகை எழும். அம்மா கொடியில் காயும் துணிகளை அவசரமாக எடுப்பார். திறந்தவெளி எரிப்பை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும், தீ வைப்பவர்கள் குறையவில்லை.

அந்தக் குவியலைக் குப்பை என்று நினைப்பதே தவறு என்பேன். அஃது எரிபொருள். நம் தாத்தா பாட்டிக்கு இது புதிய செய்தியன்று. தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் தாள்களை உலர்த்தியது பால் வற்றிய மரத்தின் விறகுதான். லயத்து அடுப்பிலும் அதுவே எரிந்தது. இன்றும் செம்பனை ஆலைகளின் கொதிகலனில் பழத்தின் நாரும் கொட்டை ஓடும் எரிகின்றன.

புதரை அப்படியே கொதிகலனில் திணிக்க முடியாது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அந்நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும். நன்கு காய்ந்த மரம் கிலோவுக்கு ஏறத்தாழ 18 மெகாஜூல் வெப்பம் தரும். பச்சை மரம் அதில் பாதியும் தராது. எனவே, தண்டுகளைச் சில்லுகளாக்கி, கூரையின்கீழ் உலர்த்தி, கட்டிகளாக அழுத்த வேண்டும். இலைகளை நிலத்திலேயே விட்டுவிடலாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் கொதிகலனில் சாம்பலை உருக்கிக் குழாய்களில் ஒட்டச் செய்யும். மண்ணிலோ அதுவே உரம்.

எனினும், எனக்கு ஓர் அச்சம் உண்டு. தமிழ்நாட்டின் இராமநாதபுரத்தில் சீமைக்கருவேலம் என்னும் அயல்நாட்டு முள்மரம் கண்மாய்களையும் வயல்களையும் மூடியது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. ஆனால், அம்மரத்தைக் கரியாக்கி விற்பதே அங்குப் பலரின் பிழைப்பு. வேரோடு பிடுங்கினால் அடுத்த வெட்டுக்கு மரம் இராது. வேரை விட்டால் மீண்டும் துளிர்க்கும். விலை கிடைத்த புதர் ஒழிவதில்லை. இங்கோ நிலைமை தலைகீழாகலாம்: கொதிகலனின் பசிக்காக, வெட்ட வேண்டாத ஆற்றங்கரைப் புதரும் வெட்டப்படலாம்.

ஆகவே, கட்டுமானத்திற்கு அனுமதி பெற்ற நிலத்தின் புதரை மட்டுமே ஆலைகள் வாங்க வேண்டும். அனுமதி தரும்போதே, அந்தப் புதர் எந்த ஆலைக்குச் செல்லும், லாரிச் செலவு யாருடையது என்பதை ஊராட்சி மன்றம் நிறுவனத்திடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.