யார் பொருட்டு இந்த எழுத்து? பொது அலுவலக இணையத்தளங்களும் நிந்தவூர் வாசகரும்

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்னும் வினா 1950களிலும் 1960களிலும் ஈழத்துத் தமிழிலக்கிய உலகை இரு கூறாகப் பிரித்து நின்றது. அவ்விவாதத்திற் கலந்துகொண்டோர் சிறுகதை பற்றியும் நாவல் பற்றியும் கவிதை பற்றியும் விரிவாகப் பேசினர். ஆயின், சாதாரண மனிதர் தம் வாழ்நாளிற் கட்டாயமாக வாசிக்க நேரும் எழுத்துகளாகிய விண்ணப்பப் படிவம், பொது அறிவித்தல், சுற்றறிக்கை என்பன யார் பொருட்டு எழுதப்படுகின்றன என்று வினவியோர் அரியர். இன்று அவ்வெழுத்துகளின் பெரும்பகுதி இணையத்தளங்களுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. வினா மாத்திரம் கேட்கப்படாமலே கிடக்கின்றது.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், காரைதீவுக்குத் தெற்கேயும் ஒலுவிலுக்கு வடக்கேயும் அமைந்தது நிந்தவூர். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் நம்பி வாழும் வேளாண்மைக் குடும்பங்களும், கரைவலையையும் தோணியையும் நம்பி வாழும் மீனவக் குடும்பங்களும், மத்திய கிழக்கிலிருந்து வரும் மாத வருமானத்தை எதிர்பார்த்திருக்கும் வீடுகளும் அங்கு உள. இம்மக்கள் அரசிடம் கேட்பன பெரும் தத்துவ வினாக்கள் அல்ல. வெள்ளத்தில் அழிந்த பயிருக்கு நட்டஈடு கோர யாரிடம் செல்வது? பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெற எவ்வெப் பத்திரங்கள் வேண்டும்? அஸ்வெசுமப் பட்டியலிற் பெயர் விடுபட்டால் மேன்முறையீட்டை எங்கே கையளிப்பது? முன்னர் இவ்வினாக்கள் விதானையாரிடமும், கச்சேரி வாசலில் அமர்ந்திருந்த மனு எழுதுவோரிடமும் சென்றன. இன்று கையடக்கத் தொலைபேசியிடம் செல்கின்றன.

அத்தொலைபேசி காட்டுவது யாது? பொது அலுவலகத் தளங்கள் பலவற்றின் முகப்பில் முதலில் ஒரு வரவேற்புரை. அடுத்துத் தலைவரின் உருவப்படமும் செய்தியும். பின்னர்த் தூரநோக்கு, செயற்பணி, நிருவாகக் கட்டமைப்பு வரைபடம். அதன்பின் திறப்பு விழாக்களின் நிழற்படங்கள். வந்தவர் தேடிய விடயம் இவற்றின் அடியில், ஏதோவொரு சுற்றறிக்கையின் நான்காம் பந்தியிற் புதைந்திருக்கும். இத்தகைய தளம் மக்களோடு பேசுவதன்று. அலுவலகம் தன் மேலதிகாரிக்குத் தன்னைத் தானே அறிமுகஞ் செய்துகொள்ளும் ஏற்பாடே அது. குறை தனியோர் அலுவலகத்தினது என்று கொள்ளுதல் தவறு. எழுதத் தொடங்கும்போது வாசகரை நினையாமல் நிறுவனத்தை நினைக்கும் வழக்கமே குறையின் வேர்.

இதற்கு மறுமொழியாகச் சிலர், “கிராமத்து மக்கள் இணையத்தளங்களை வாசிப்பதில்லை, எப்படி எழுதினாலென்ன?” என்பர். இவ்வாதம் உண்மைக்கு மாறானது. பரீட்சைத் திணைக்களம் பெறுபேறுகளை வெளியிடும் நாளில், சுட்டெண்ணை இட்டுத் தன் பெறுபேற்றைப் பார்க்கும் மாணவருக்கு எவரும் பயிற்சி அளிப்பதில்லை. 2022 ஜூலையில் எரிபொருள் அனுமதிக்கு இணையவழிப் பதிவு அறிமுகமானபோது, மோட்டார் சைக்கிளோட்டியும் முச்சக்கர வண்டிச் சாரதியும் தத்தம் வாகனங்களைப் பதிந்து, கியூஆர் குறியீட்டைப் பெற்று வரிசையில் நின்றனர். கேள்வி தெளிவாகவும் பதில் கைக்கெட்டும் தூரத்திலும் இருப்பின் மக்கள் இணையத்தளத்தைப் பயன்படுத்துவர். பயன்படுத்தாதவிடத்து மக்களைப் பழிப்பதற்கு முன் எழுத்தைப் பரிசோதிப்பதே முறையாகும்.

இணையத்தில் வாசிப்பு நிகழும் விதமும் ஈண்டு நோக்கற்பாலது. 1997 இல் யாக்கோப் நீல்சன் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்டோருள் 79 சதவீதத்தினர் புதிய பக்கத்தைக் கண்ணால் மேய்ந்து சென்றனர். சொல்லுக்குச் சொல் வாசித்தோர் 16 சதவீதத்தினரே. பதிலை முதலிலும் விளக்கத்தைப் பின்னரும் வைக்க வேண்டியதன் நியாயம் இதுவாகும். அமெரிக்கா 2010 இல் அரச எழுத்து எளிமையாக இருத்தல் வேண்டுமெனச் சட்டமியற்றியது. பிரித்தானியா 2012 இல், துறைதோறும் சிதறியிருந்த தளங்களை ஒரு தளத்தின்கீழ்க் கொண்டுவரத் தொடங்கியபோது, பயன்படுத்துவோரின் தேவையிலிருந்து தொடங்குவதையே முதற் கொள்கையாக வகுத்தது.

இலங்கையில் இப்பிரச்சினைக்கு மொழியுரிமை என்னும் கனதியான பரிமாணமும் உண்டு. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழைப் புறந்தள்ளியது. நீண்ட போராட்டத்தின் பின்னர், 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988 இல் வந்த பதினாறாவது திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாக்கியது. எனவே நிந்தவூரில் அரசு தமிழிற் பேசுதல் சலுகையன்று, சட்டம். ஆயினும் நடைமுறையில், சுற்றறிக்கை வேறு மொழியிற் பிறக்கின்றது. தமிழ் அதன் நிழலாகப் பின்தொடர்கின்றது. மூலத்தின் வாக்கிய அமைப்பைக் குலைக்க அஞ்சிய மொழிபெயர்ப்பு, எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே நாற்பது சொற்களைத் திணித்து, எவருக்கும் விளங்காத தமிழொன்றை ஈனுகின்றது. தமிழிற் சிந்தித்து, தமிழிற் பேசி, முன்மேசையில் வந்தவருக்குத் தமிழில் அழகாக விளக்கும் உத்தியோகத்தரே, எழுத அமர்ந்ததும் அத்தமிழை மறந்துவிடுகின்றார். விளங்காத தமிழில் வெளியிடப்படும் அறிவித்தல், 1987 இல் வழங்கப்பட்ட உரிமையைக் கடதாசியிலேயே நிறுத்திவிடுகின்றது.

சொற்றேர்வு பற்றிய விவாதமும் இங்கு எழும். அலுவலகத் தமிழ் “ஆதன அனுமதிப்பத்திரம்” என்று எழுதலாம். ஊரவர் சொல்வது “பெர்மிட் காணி”. அலுவலகம் “தேசிய ஆள் அடையாள அட்டை” என முழுப் பெயரை எழுதும். தேடுபவர் “அடையாள அட்டை” என்றே தேடுவார். மக்கள் சொல்லை எழுதினால் மொழியின் தரம் தாழ்ந்துவிடும் எனத் தமிழறிஞர் சிலர் அஞ்சுவர். அவர்கள் நிந்தவூரின் அயலூரான காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரை எண்ணிப் பார்த்தல் நன்று. அவர் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தது, அறிவியலைத் தமிழ் மாணவர் தம் மொழியிலேயே கற்றல் வேண்டும் என்னும் நோக்கத்தாலாகும். சொல் விளக்கத்துக்கான வாயிலாக இருத்தல் வேண்டும் என்னும் அந்நோக்கத்தை விடுத்து, சொல்லின் கடுமையை மாத்திரம் பற்றிக்கொள்வோர் அவர் மரபைப் பேணுபவராகார். தீர்வும் கடினமானதன்று. தலைப்பில் மக்கள் சொல். அதனருகே படிவத்திற் காணப்படும் உத்தியோகச் சொல். தேடுபவரும் கண்டடைவர், படிவத்தை நிரப்புபவரும் தடுமாறார்.

எழுத்தின் புறவடிவமும் தடையாகலாம். தட்டச்சுச் செய்த கடிதத்தைப் படமெடுத்துத் தளத்தில் ஏற்றுவோர் உளர். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி எளிதில் அறியாது. பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதன்முன் திணறும். யுனிக்கோட் நியமத்தில் தமிழ் 1991 இலேயே இடம்பெற்றுவிட்டது. எனினும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தயாரித்ததை அப்படியே ஏற்றும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அவ்வெழுத்துரு இல்லாத தொலைபேசியில் அத்தகைய அறிவித்தல் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகவே தோன்றும். திகதியில்லாத அறிவித்தல் இவற்றினும் தீயது. முடிந்துபோன திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஒரு முதியவர் முச்சக்கர வண்டிக்குக் காசு கொடுத்துக் கந்தோருக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினால், அச்செலவுக்குப் பொறுப்பாளி அவரல்லர்.

இவை வெறும் வசதியீனங்கள் என்று ஒதுக்குவோர் இக்கரையோரத்தின் அனுபவத்தை எண்ணுதல் வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் காவுகொண்டது. 2024 நவம்பர் 26 இல், பெருவெள்ளத்தினிடையே, நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் நீரில் அடித்துச் செல்லப்பட்டு, சிறுவர்கள் உயிரிழந்தனர். அத்துயருக்கு ஓர் இணையப் பக்கத்தைக் காரணங் காட்டுதல் தகாது. நல்ல பக்கமொன்று அதைத் தடுத்திருக்கும் என்றுரைப்பதும் தகாது. ஆயின், அத்தகைய காலைப்பொழுதில் ஒரு தகப்பனின் மனத்தில் எழும் வினா, “காரைதீவு, அம்பாறை வீதியால் இப்போது போகலாமா?” என்பதேயாகும். மாகாணம் முழுவதற்குமான மழைவீழ்ச்சியை மில்லிமீற்றரிற் கூறும் அறிக்கை அவ்வினாவுக்குப் பதிலாகாது. வட பகுதியிலிருந்து பொத்துவில் வரையான கடற்பரப்பை ஒரே வாக்கியத்தில் அடக்கும் காற்றெச்சரிக்கையும், இன்றிரவு தோணி இறக்கலாமா எனக் கேட்கும் மீனவருக்கு அரைப் பதிலே. வீதியின் பெயர், கடலின் பகுதி, நேரம், செய்ய வேண்டியது, அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கம் ஆகிய ஐந்தும் முதல் இரண்டு வாக்கியங்களில் அமைந்தால், அதுவே எச்சரிக்கை எனப்படும்.

இவ்வாறு எழுதுவதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. முன்மேசைக்கு வரும் வினாக்களை ஒரு வாரம் வந்தவரின் சொற்களிலேயே குறித்துவைத்தல் முதற்படி. அடிக்கடி எழும் பத்து வினாக்களுக்குத் தனித்தனிப் பக்கம் எழுதுதல் இரண்டாம் படி. ஒரு விவசாயி, ஒரு குடும்பத் தலைவி, ஓய்வூதியம் பெறும் ஒருவர் ஆகிய மூவரிடம் அப்பக்கத்தைத் தொலைபேசியிற் கொடுத்து வாசிக்கச் செய்து, அவர்கள் தடுமாறும் இடத்தைத் திருத்துதல் மூன்றாம் படி. பொறுப்பான உத்தியோகத்தரின் பதவியையும் இறுதியாகத் திருத்திய திகதியையும் அடியில் இடுதல் நான்காம் படி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் நிறைவேறிய நாட்டில் இந்நான்கையும் செய்யத் தயங்குவதற்கு நியாயமில்லை.

இறுதியாக, இக்குற்றச்சாட்டின் ஒரு பங்கு பல்கலைக்கழகங்களையும் சாரும். தமிழ் கற்றோர் பாட்டின் யாப்பை அலசுவர், நாவலின் பாத்திரப் படைப்பை ஆராய்வர். ஆயின் விண்ணப்பம் செய்வது எப்படி என்பதை ஐந்து வாக்கியங்களில் எழுதும் பணியைத் தம் தகுதிக்குக் கீழானதாகக் கருதுவர். மக்கள் அன்றாடம் வாசிக்கும் உரைநடையை அறிஞர் கைவிட்டால், அதனை மொழிபெயர்ப்பு இயந்திரங்களும் அவசரக்காரரும் எழுதுவர், எழுதியும் வருகின்றனர். நிந்தவூரின் தெற்கு அயலூரான ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இயங்கிவருகின்றது. அங்கும் பிறவிடங்களிலும் தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும், பட்டம் பெறுவதற்கு முன், தம் ஊர் மக்களின் ஒரு வினாவுக்கு ஒரு பக்கத்தில் விடை எழுதி, அதனை அவ்வூர் விவசாயி ஒருவர் பிறர் உதவியின்றி வாசித்துப் பயன்கொண்டார் என்று காட்டுதல் வேண்டும். எந்த ஆய்வேட்டுக்கும் குறையாத பரீட்சை அது. அதிற் சித்தியடையாத புலமை, மக்களுக்காக எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையை இழந்துவிடுகின்றது.