வாக்குச் சீட்டு வந்தது, சமத்துவம் வந்ததா?

2024 டிசம்பர் 3 இரவு தென் கொரிய அதிபர் யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அவர் துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடித்தவர் அல்லர். 2022இல் மக்களின் நேரடி வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவ்வாறெனில், அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக 1987இல் உயிர் கொடுத்துப் போராடிய மக்கள் பெற்றதுதான் என்ன?

1972இல் பார்க் சுங் ஹீ நேரடித் தேர்தலை ஒழித்து, தமக்கு இணங்கிய தேர்வு மன்றம் ஒன்றின் வழியே அதிபராகத் தொடர்ந்தார். அவருக்குப் பின் அதிகாரத்தைக் கைப்பற்றிய இராணுவத் தளபதி சுன் டூ ஹ்வான், 1980 மே மாதம் குவாங்ஜு நகர மக்களின் எழுச்சியைப் படைகொண்டு நசுக்கினார். 1987 ஜனவரியில் மாணவர் பார்க் ஜோங் சோல் காவல்துறையின் சித்திரவதையில் கொல்லப்பட்டார். அதிகாரி மேசையைத் தட்டியதும் அவர் சரிந்து விழுந்து இறந்தார் என்று காவல்துறை விளக்கம் அளித்தது. காவல் மரணங்களுக்குக் கூறப்படும் இத்தகைய காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் அங்கே அந்தப் பொய் ஒரு நாட்டையே தெருவுக்கு அழைத்துவந்தது. ஜூன் போராட்டத்தின் முன் ஆட்சி பணிந்தது. நேரடித் தேர்தல் ஏற்கப்பட்டது.

அத்தேர்தலில் வென்றவர் யார்? சுன்னின் கூட்டாளியான முன்னாள் தளபதி ரோ டே வூ. கிம் யங் சாம், கிம் டே ஜுங் என எதிரணி பிளவுபட்டதால் ஏறக்குறைய 37 விழுக்காடு வாக்குகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

எனினும் 1987 அரசமைப்புச் சட்டம் வாக்குச் சீட்டோடு நின்றுவிடவில்லை. அதிபருக்கு ஐந்தாண்டு கொண்ட ஒரே பதவிக்காலம் என வரையறுத்தது. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தைப் பறித்தது. அரசமைப்பு நீதிமன்றத்தை நிறுவியது. பின்னர் சுன்னும் ரோவும் கூண்டில் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். 1997 இறுதியில் மன்னிப்புப் பெற்று அவர்கள் வெளியேறியபோதும், ஆணையிட்டவர்கள் விசாரிக்கப்படுவார்கள் என்ற பாடம் நிலைத்தது.

2024இல் நாட்டைக் காத்தவை இவையே. பொதுமக்கள் நாடாளுமன்ற வாயிலில் திரண்டு படையினரை மறித்தனர். உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்து உள்ளே சென்றனர். அவையிலிருந்த 190 பேரும் இராணுவச் சட்டத்தை விலக்கக் கோரி வாக்களித்தனர். ஆணையை நிறைவேற்றுவதில் படையினரிடமும் தயக்கம் இருந்தது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக யூனைப் பதவிநீக்கியது.

ஆயினும் 1987இன் கணக்கு இன்னும் தீரவில்லை. அன்று ஆட்சியாளர் அளித்த வாக்குறுதிகளில் தொழிலாளர் உரிமை இடம்பெறவில்லை. அதற்காகத் தொழிலாளர்கள் அக்கோடையில் 3,000க்கும் மேற்பட்ட போராட்டங்களைத் தாங்களே நடத்த வேண்டியிருந்தது. அரசமைப்பின் 11ஆவது பிரிவு சமூகத் தகுதியின் பேரிலான பாகுபாட்டை மறுக்கிறது. அச்சொற்களுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. கசாப்புத் தொழிலால் இழிவுபடுத்தப்பட்ட பெக்ஜோங் மக்கள் 1923இல் ஜின்ஜு நகரில் தராசின் சமநிலையைத் தம் பெயராக்கி, ‘ஹியோங்பியோங்சா’ என்ற இயக்கம் கண்டனர். ஆனால் அனைத்துவகைப் பாகுபாட்டையும் தடைசெய்யும் பொதுச் சட்டம் 2007 முதல் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டும் நிறைவேறவில்லை. யூனுக்கு எதிரான மேடைகளில் இளம்பெண்களும் பாலினச் சிறுபான்மையினரும் முழங்கினர். அவர்கள் காத்த குடியரசு அவர்களைக் காக்கும் சட்டத்தை இன்னும் இயற்றவில்லை.

நமக்கும் இது தெரிந்த கதைதான். 17ஆவது பிரிவு 1950இல் தீண்டாமையை ஒழித்தது. அதைத் தண்டிக்கும் சட்டம் வர 1955 ஆயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்கு 1989 வரை காத்திருந்தோம். அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நெடுநாள் சேர்ந்திருக்க இயலாது என்று அண்ணல் அம்பேத்கர் 1949இல் எச்சரித்தது இதைத்தான்.

நேரடித் தேர்தல் ஆள்பவரை மாற்றும் உரிமை. ஆளப்படுவோரின் நிலையை மாற்ற அது மட்டும் போதாது. சர்வாதிகாரம் வீழும் நாளில், யாருடைய கோரிக்கை அடுத்த நாளுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.