கேம் விற்க அட்டைப்படம் பேச வேண்டும்

ஸ்டீம் தளத்தில் இப்போது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோ கேம்கள் வெளியாகின்றன. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு குழுக்களுக்கு அங்கே கைகொடுப்பது அட்டைப்படம்தான். அதைக் கடைசி வார வேலையாகத் தள்ளிவைப்பது பெரும் தவறு.

பெரிய திரையில் வரைந்து ரசித்த படம், தேடல் பட்டியலில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஸ்டீமின் சிறிய படத்துக்கு நீண்டகாலம் இருந்த அளவு 231-க்கு 87 பிக்ஸல். அதில் ஐந்து பாத்திரங்கள், பின்னால் ஒரு கோட்டை, மெல்லிய எழுத்தில் தலைப்பு என்று அடைத்தால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சிறிய படத்தை ஏறக்குறைய தலைப்பே நிரப்ப வேண்டும் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் வழிகாட்டியே சொல்கிறது.

ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி குழு 2017-இல் வெளியிட்ட 'ஹாலோ நைட்' கேமின் அட்டைப்படம் நல்ல பாடம். இருண்ட நீலப் பின்னணி. இரு கொம்புகளுடன் வெள்ளை முகமூடி. எவ்வளவு சுருக்கினாலும் அந்த முகம் அடையாளம் தெரிகிறது.

விமர்சன மதிப்பெண், விருது முத்திரை, தள்ளுபடி அறிவிப்பு ஆகியவற்றை அட்டைப்படத்தில் பொறிக்க 2022 செப்டம்பர் முதல் வால்வ் தடை விதித்தது. வரவேற்க வேண்டிய விதி. ஓவியமும் பெயரும் மட்டுமே பேசும்போது சிறு குழுவுக்கும் வாய்ப்பு கிடைக்கிறது.

ஆகவே, ஓவியருக்கான தொகையைத் தொடக்க பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும். மாதிரிப் படத்தைப் போட்டி கேம்களின் நடுவே வைத்து, அந்த கேமைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கைபேசியில் காட்ட வேண்டும். இது திகில் கேமா, விவசாய கேமா என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், கடைப்பக்கத்தைத் திறக்கும் முன்பே படத்தை மாற்றிவிட வேண்டும்.