பிரேக் பேட்டில் மிச்சம் பிடிக்கலாமா?



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பற்றி என்ன எழுத்து வேண்டிக் கிடக்கிறது என்று சிலர் வினவக்கூடும். வினவட்டும். காலையில் பள்ளி வாசலில் கடமைக்கு நிற்கும் ஆசிரியர் எவரும் என் பக்கமே நிற்பார். தோட்டப்புறத்திலிருந்து வரும் மோட்டார்கள் ஒவ்வொன்றாக வாசலில் நிற்கும்போது எழும் அந்தக் கிறீச்சொலி அவர் காதுக்கும் பழகியதுதான். இரும்போடு இரும்பு உரசும் ஒலி அது. பின்னிருக்கையில் புத்தகப் பையோடு இறங்குவது நம் பிள்ளை.

(உந்துருளி என்று எழுதவே எனக்கு விருப்பம். ஆனால் பட்டறையில் அச்சொல்லைச் சொன்னால் பேட் கிடைக்காது. எனவே இக்கட்டுரையில் வழக்குச் சொற்களையே ஆள்கிறேன்.)

பள்ளி விடுமுறை ஒன்றில் ஆசிரிய நண்பர்கள் நால்வர் கோலசிலாங்கூரிலிருந்து கேமரன் மலைக்கு மோட்டாரில் பயணம் போனோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. ஏறும்போது எவருக்கும் குறையில்லை. இறங்கும்போது, பாதி வழியில், எனக்கு முன்னால் சென்ற நண்பர் கையைத் தூக்கிச் சைகை காட்டி ஓரம் கட்டினார். முகம் வெளுத்திருந்தது. “பிரேக் கட்டையா இருக்கு சார், அழுத்துறேன், வண்டி கேட்கல” என்றார். முன்சக்கரத்தருகே குனிந்தபோது கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. புறப்படுவதற்கு முதல் வாரம்தான் புதிய பேட் மாற்றியிருந்தார். பெட்டியில் ஒரு புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் இருந்ததாம். விலையோ அந்நிறுவனப் பொருளின் விலையில் கால் பங்கு. போலி என்பது அப்போதுதான் அவருக்கும் எங்களுக்கும் உறைத்தது.

அன்று நேர்ந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. பேட்டின் உராய்வுப் பொருளைப் பிணைத்து வைத்திருப்பது பிசின். அளவுக்கு மீறிச் சூடேறினால் மலிவான பிசின் ஆவியாகிப் பேட்டுக்கும் டிஸ்குக்கும் இடையே வழுவழுப்பை உண்டாக்குகிறது. லீவர் கையில் உறுதியாகவே நிற்கும். வண்டி மட்டும் நிற்காது. லீவரே தளர்ந்து கைப்பிடி வரை வந்துவிட்டால் நோய் வேறு: அது பிரேக் எண்ணெய் கொதித்ததன் அறிகுறி. அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பின் அவ்வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நம் கடலோரக் காற்றின் ஈரப்பதத்தைச் சொல்லவும் வேண்டுமோ? இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே அறிவுடைமை.

இனி, பேட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். நெடும்பயண மோட்டாருக்குச் சந்தையில் பொதுவாக இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று, நார்களையும் பிசினையும் கலந்து செய்யும் ஆர்கானிக் பேட். மென்மையாகப் பிடிக்கும், ஓசை குறைவு, டிஸ்கைத் தின்னாது. ஆனால் மழையிலும் கடுஞ்சூட்டிலும் சோர்ந்துபோகும், விரைவில் தேயும். மற்றொன்று, உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றி இறுக்கிய சின்டர்ட் பேட். நனைந்தாலும் பிடிக்கும், சூட்டைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். டிஸ்கைச் சற்றுக் கூடுதலாகத் தேய்க்கும். பல பேட்டுகளின் முதுகுத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெழுத்து இயல்பான வெப்பநிலையிலும் இரண்டாவது சூடேறிய நிலையிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். ‘எப்’ என்றால் உராய்வெண் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.55 வரை, ‘எச்’ அதற்கும் மேல். முதலெழுத்து ‘ஜி’, இரண்டாவது ‘எப்’ என்றிருந்தால் சூட்டில் பிடி குறையும் என்று பொருள். கடைக்காரர் எதைச் சொன்னாலும் இவ்விரண்டெழுத்தை நாமே திருப்பிப் பார்த்துவிடலாம். ஐக்கிய நாடுகளின் 90-ஆம் ஒழுங்குமுறைப்படி சோதிக்கப்பட்ட பேட்டாயின் வட்டத்துக்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் காணப்படும். போலிக்காரர் இதையும் அச்சடிக்கக்கூடும் என்பது உண்மைதான்; ஆகவே கடையையும் பார்த்தே வாங்க வேண்டியுள்ளது.

நம் வட்டாரத்துக்கு எது ஏற்றது? என் கருத்து இது. பிற்பகல் மழை, ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் நெருக்கும் லாரிகள், பெஸ்தாரி ஜெயா (2007-க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தாய்) பக்கம் மணல் லாரிகள் சிந்திவிட்டுப் போகும் மணல், செம்பனை லாரியிலிருந்து உருண்டு விழும் உதிரிப்பழம், லயத்துச் செம்மண் பாதை என இத்தனையும் சேர்ந்த ஊரில், நனைந்தாலும் பிடிக்கும் பேட்டே வேண்டும். ஆகவே பெரிய மோட்டார் வைத்திருப்பவர், வண்டியின் கையேடு அனுமதித்தால், முன்சக்கரத்துக்குச் சின்டர்ட் போடுவதே முறை. பிரேக் பிடிக்கையில் எடை முன்னால் சாய்வதால் பெரும்பங்கு வேலையைச் செய்வது முன்சக்கரமே. பின்சக்கரத்துக்கு ஆர்கானிக் போதும். எளிதில் இறுகிச் சறுக்காது. பந்தயப் பேட் வாங்கிப் பெருமை பேசும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: அது சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும். காலை வேளையில் தெருமுனையில் குறுக்கே ஓடிவரும் ஆட்டுக்கு அது சூடேறும்வரை காத்திருக்கத் தெரியாது.

ஆனால் நான் கவலைப்படுவது பெரிய மோட்டாரைப் பற்றியன்று. அதை வைத்திருப்பவர் பத்து இடத்தில் விசாரித்தே வாங்குவார். பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிவரும் கப்சாயைப் பற்றியே கவலை. அதன் டிஸ்க் பேட்டுக்கோ டிரம்முக்குள் இருக்கும் பிரேக் சூவுக்கோ எவரும் கையேடு பார்ப்பதில்லை. “இருக்கிறதிலேயே மலிவா ஒண்ணு போடு தம்பி” என்று பட்டறையில் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோரும் பின்னமர்வோருமே. 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது, நல்ல விதி. ஆயினும் நம் பள்ளி வாசலுக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றை அது தொடாது. மேலும் ஏபிஎஸ் சக்கரம் இறுகிவிடாமல் காக்குமேயன்றித் தேய்ந்த பேட்டுக்குப் பிடிப்பைத் தந்துவிடாது.

ஒரு கணக்கு. அறிவியல் பாடத்தில் உராய்வு விசை நடத்துவோர் இதை வகுப்பிலும் போட்டுக் காட்டலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். நல்ல பிரேக் ஒவ்வொரு நொடிக்கும் 7 மீட்டர் வேகத்தைக் குறைத்தால் வண்டி ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும். தேய்ந்த பிரேக் 4.5 மீட்டரே குறைத்தால் 31 மீட்டர் ஆகும். பதினொரு மீட்டர்தானே என்று எண்ணிவிட வேண்டாம். நல்ல வண்டி முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தில் மற்ற வண்டி இன்னும் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பின்னால் இருவர் அமர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒருவருக்கு மேல் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதும், தோட்டத்தில் பேருந்து இல்லாத தந்தைக்கு வேறு வழி இருப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவரைக் கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை. பிரேக்கையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றே சொல்ல வருகிறது.

அப்படித்தான் ஒருநாள் ஒரு தந்தையிடம் சொன்னேன். “பேட் இன்னும் இருக்கு சார், மழைக்குத்தான் கத்துது” என்றார். கைவிளக்கை அடித்துக் காட்டினேன். பேட்டில் உராய்வுப் பொருளே இல்லை. முதுகுத் தகடு டிஸ்கில் வரிவரியாகக் கோடு கிழித்திருந்தது. உரிய காலத்தில் பேட்டை மட்டும் மாற்றியிருந்தால் போதும். இப்போது டிஸ்கையும் மாற்ற வேண்டிய செலவு. சிக்கனம் என்று நாம் நினைப்பது இப்படியும் முடிகிறது. மனிதர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சம்பளம் வந்ததும் செஞ்சிடுறேன் சார்” என்றார். மாதத்தின் பதினெட்டாம் நாள் அது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் வைத்துள்ள கோரிக்கை சிறியது. ஆண்டுக்கு இரு முறை கூட்டுப்பணி நாளில், புல் வெட்டுவதோடு வாசலுக்கு வரும் மோட்டார்களின் பிரேக்கையும் பார்ப்போம். வட்டாரப் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்தால் வருவார். அவருடைய பிள்ளையும் நம் பள்ளியில்தான் படிக்கிறது. பேட்டின் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தாலோ, தேய்மானக் கோடு அழிந்திருந்தாலோ ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். பொருளைச் சங்கமே மொத்தமாக வாங்கி, தவணையில் கொடுத்தால் பதினெட்டாம் நாளில் எவரும் சம்பளத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சங்கப் பணத்தை மோட்டாருக்குச் செலவிடுவதா என்று ஒருவர் கேட்டார். சென்ற ஆண்டு விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போட்ட செலவை அவருக்கு நினைவூட்டினேன். அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பேட் மாற்றியோர்க்கு ஒன்று: முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குத் திடீரென்று கடுமையாகப் பிரேக் பிடிக்காதீர்கள். புதுப் பேட் டிஸ்கின் முகத்தோடு படிய அவ்வளவு தூரம் ஆகும். பட்டறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் லீவரை நான்கைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சாலையில் இறங்க வேண்டும். முதல் அழுத்தத்தில் பிரேக் இருக்காது. பிள்ளையை அதன் பிறகு ஏற்றுங்கள்.