மேட்டில் தெரிந்த நோய்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் நம் கரையோர ஊர்களில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும்: "இந்த முறை மலைநாட்டுப் பக்கம் போவமா?" கடலைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு மலையும் குளிரும் அதிசயம். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம், தங்குமிடத்தைப் பற்றிப் பேசுவோம். நம்மைச் சுமந்து செல்லும் வாகனத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

நிந்தவூரின் ஊடாகச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று சென்று, பிறகு கொஸ்லந்தைப் பக்கம் மலையேறுகிறது. அந்த வழியாக ஹப்புத்தளைக்குப் போகப் புறப்பட்டோம். முன் ஆசனத்தில் மகன். பின்னால் உம்மாவும் மனைவியும் சின்ன மகளும். வெல்லவாய வரை எங்கள் பழைய பெற்றோல் கார் ஒரு குறையும் காட்டவில்லை. தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஏற்றம் கூடியதும் இழுவை குறைந்தது. மூன்றாவது கியர் இரண்டானது, இரண்டு ஒன்றானது. அக்சிலேட்டரை அடிவரை மிதித்தும் ஒரு வளைவில் கார் நின்றேவிட்டது. பின்னால் ஒரு பஸ்! கார் மெல்லப் பின்னோக்கி அசைந்தபோது உம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கைப்பிரேக்கை இழுக்க, மகன் பாய்ந்து இறங்கிப் பின்சில்லுக்குக் கல் வைத்தான்.

மலை பார்க்காமலே திரும்பினோம். வழியில் ஒரு கராஜில் "கிளச் போய்விட்டது" என்றார்கள். ஊருக்கு வந்ததும் இன்னோர் இடத்தில் பிளக்குகளை மாற்றினார்கள். காசு போனது, குறை போகவில்லை. கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. "மௌலவி, முதல்ல கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பாடம் விளங்காத பிள்ளைக்கு எடுத்த எடுப்பிலேயே பிரம்பையா காட்டுவோம்? கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் சாப்பிட்டானா என்று விசாரிக்க மாட்டோமா? காருக்கு மட்டும் விசாரணையில்லாமல் வைத்தியம் செய்திருக்கிறேன்!

அவர் கேட்ட கேள்விகள் எல்லோருக்கும் பயன்படும். இஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடவில்லையா? அப்படியானால் கிளச் வழுக்குகிறது. இஞ்சின் விட்டுவிட்டு உதறுகிறதா? பிளக்கையோ கொயிலையோ பார்க்க வேண்டும். கறுப்புப் புகை வருகிறதா? காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். ஓடி நின்றதும் ஒரு சில்லு மட்டும் கடுமையாகச் சுடுகிறதா? பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. புகைக்குழாய்ப் பாதை அடைத்தாலும் இழுவை குறையும். தொடக்கத்தில் நன்றாக இழுத்து, மிதித்துக்கொண்டே போகப் போகச் சோர்கிறதா? பெற்றோல் போதுமான அளவு வரவில்லை.

எங்கள் காருக்குக் கடைசிக் கேள்விதான் பொருந்தியது. பெற்றோல் வரும் குழாயில் அழுத்தமானியைப் பொருத்திக் காரை ஓட்டிப் பார்த்தார். சும்மா நிற்கும்போது முள் சரியாக நின்றது. அடிவரை மிதித்ததும் விழுந்தது. தாங்கிக்குள் அழுக்கு, வடிகட்டி நிறையக் கசடு. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் கேன்களில் கிடைத்ததையெல்லாம் வாங்கி ஊற்றினோமே, அதன் மிச்சமாகவும் இருக்கலாம். தாங்கியைக் கழுவி, வடிகட்டியை மாற்றினார். கிளச்சுக்குக் கேட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்கும் செலவாகவில்லை.

அப்படியானால் ஊரில் எப்படி ஓடியது? வாய்க்கால் பாதி அடைத்திருந்தாலும் ஒரு வரம்புக்குள் இருக்கும் சிறு பாத்திக்குத் தண்ணீர் போதும். வயல் முழுதும் பாய்ச்சும்போதுதான் குறை தெரியும். சமதரையில் இஞ்சினுக்குக் கொஞ்சம் பெற்றோல் போதும். ஏற்றத்தில் நிறைய வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். ஹப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேலான உயரம். அங்கே காற்று ஐதானது. டர்போ இல்லாத இஞ்சின் தன் சக்தியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை அங்கே இழந்துவிடும். அந்த அளவு சோர்வு நோயல்ல. கார் நின்றுவிடுவதுதான் நோய்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. நம்மில் பலர் ஓட்டுவது வயதான கார்களையே. ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, வெறிச்சோடிய நேரான வீதியில் மூன்றாம் கியரில் மெதுவாகப் போய், சட்ட வேகத்துக்குள் அக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள். தயங்கினால் கராஜுக்குப் போங்கள். தாங்கியை அடிமட்டம் வரை வற்றவிடாதீர்கள். ஏற்றம் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள். கார் திணறினால் ஏசியை அணையுங்கள். வெப்பமுள் ஏறினால் ஓரமாக நிறுத்துங்கள். சூடாறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். இறக்கத்திலும் சிறிய கியரிலேயே வாருங்கள். சில்லுக்கு வைக்க ஒரு மரக்கட்டையும் டிக்கியில் இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே காரைதீவு வீதியில் மகன் சொன்னான்: "வாப்பா, கார் லொறிய முந்துதில்லையே." "பழைய கார்தானே" என்று நான் வாயை அடைத்துவிட்டேன். அன்று அவன் சொல்லைக் கேட்டிருந்தால், என் உம்மாவை அந்த வளைவில் நடுங்க வைத்திருக்க மாட்டேன்.

அடுத்த விடுமுறையில் ஹப்புத்தளைக்குப் போய்ச் சேர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ். அந்த வளைவைக் கடக்கும்வரை உம்மா மகனின் தோளை விடவே இல்லை.